சினிமாவுக்கும் வரைபடத்துக்கும் ஒரே திரை

விற்கிற சாமானில் எதுவுமே இருக்கக் கூடாது என்று வாங்குகிறவர் எதிர்பார்க்கும் வியாபாரம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது புரொஜெக்டர் திரை வியாபாரம். ஒரு புள்ளி, ஒரு மடிப்பு, ஒரு விரல் ரேகை தெரிந்தால் போதும், முகத்தைச் சுளித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எழுபதுகளில் பாலக்காட்டில் ஒரு கடையில் எனக்கு அந்த வேலை. எஸ்டேட் கிளப், பள்ளிக்கூடம், வசதியான பண்ணை வீடு என்று தேடிப் போய், திரையை விரித்துக் காட்டி, ஆர்டர் வாங்கி, பிறகு கொண்டுபோய் மாட்டிக் கொடுக்க வேண்டும். கிழக்கே கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம்; மலைமேல் பீர்மேடு, உடும்பஞ்சோலை. எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். ஊர் ஊராகப் போய்ச் சாமான் விற்றவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆபீஸ் பூட்டியிருக்கும், கடைகள் சாத்தியிருக்கும், லாட்ஜ் ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். யாரிடமாவது ஒரு வார்த்தை பேச வேண்டும் என்பதற்காகவே கீழே லாட்ஜ்காரரிடம் போய், பெட்டியில் இரண்டு சோப்பு இருக்கும்போதே இன்னொன்று கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

வாங்குகிற எல்லாருக்கும் இருந்தது ஒரே ஆசை. பொழுதுபோக்குக்கும் அதுவே ஆக வேண்டும், வேலைக்கும் அதுவே ஆக வேண்டும். என்னிடம் இருந்ததோ இரண்டு வகை. ஒன்று, பொடிப்பொடியான கண்ணாடி மணிகள் ஒட்டிய திரை. நேர் எதிரே உட்கார்ந்தால் படம் ஜொலிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்தால் மங்கிவிடும். மெல்லிய கோடுகள் பிசிறடிக்கும். இன்னொன்று சாதா வெள்ளைத் திரை. எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி தெரியும், நிறம் மாறாது, ஆனால் அந்த ஜொலிப்பு கிடையாது. சினிமா பார்க்க முதலாவது, வரைபடம் டிசைன் என்று உட்காருகிறவர்களுக்கு இரண்டாவது. கேட்டவர்களிடம் இதை உள்ளபடியே சொல்லிவிடுவேன்.

முதலாளி சொன்ன வழி

அப்படி உள்ளபடி சொன்னதில் பல ஆர்டர்கள் கை நழுவிப் போயின. இரண்டையும் பற்றிக் கேட்டுவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்பார்கள். யோசித்துச் சொன்னவர்கள் குறைவு.

என் முதலாளி கல்பாத்திக்காரர். கோபம் வந்தாலும் குரல் உயராது. மலையிலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்த ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், குடையைக் கையில் எடுத்தபடியே என்னைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வாசற்படியில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஓய், அவாளை எதுக்குக் கொழப்பி விடறீர்? ரெண்டுக்கும் ஒண்ணு போறாதுன்னா ரெண்டையும் வாங்கிக்கோங்கோன்னு சொல்லப்படாதோ?"

செக்போஸ்டில் இறங்கிய பெட்டி

பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சுற்றிப் போய்க் குமுளியில் மலை ஏறுவது என் வழக்கம். திரையைச் சுருட்டி ஓர் ஆள் நீளத்துக்கு மரப்பெட்டியில் வைத்து, பஸ் கூரைமேல் போட்டுக் கட்டுவோம். ஒருமுறை கோபாலபுரத்தில் செக்போஸ்ட் காவலர் அந்தப் பெட்டியைக் கீழே இறக்கச் சொன்னார். நானும் கண்டக்டருமாகத் தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர் என்று பிடித்து இறக்கினோம். பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுபோயிற்று. ஜன்னலோரம் இருந்த இரண்டு பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். உள்ளே இருப்பது என்னுடைய யாரோ என்று நினைத்துவிட்டார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

காவலர் பெட்டியைத் திறந்தார். சுருளைக் கொஞ்சம் பிரித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், உள்ளே கைவிட்டுத் துழாவினார். வெள்ளையைத் தவிர வேறு எதுவும் அகப்படவில்லை. மூடிக் கட்டி மறுபடி மேலே ஏற்றினோம். விஷயம் தெரிந்த பிறகும், அதுவரை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் பின் சீட்டுக்குப் போய்விட்டார். பொள்ளாச்சி வரை நான் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். காவலர் மட்டும் பஸ் கிளம்பும்வரை ஜன்னலருகே நின்று, மலையாளமும் தமிழுமாகத் தன் சந்தேகத்தைக் கேட்டுவிட்டார்: "ஒண்ணுமில்லாத்த சாதனத்துக்கு இத்ர பெரிய பெட்டியோ?"

கிளப்பில் ஓரத்து இடம்

பீர்மேட்டில் ஓர் எஸ்டேட் கிளப். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் ஃபுட்பால் மாட்ச் ரீலும் சினிமாவும் ஓடும். முன்பு வாங்கிய கண்ணாடி மணித் திரை பழசாகியிருந்தது. பாக்டரியை விரிவாக்கிக் கட்ட இருந்ததால், மற்ற நாட்களில் எஞ்சினியர் தன் பிளான்களைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இரண்டு திரையையும் மாட்டிக் காட்டினேன். மேனேஜரும் விருந்தாளிகளும் நடு சோபாவில். ரீலில் பந்து பறந்தபோது கண்ணாடி மணித் திரை ஜொலித்தது. "இதுதான், இதுதான்!" என்றார் மேனேஜர். பிளானைப் போட்டதும் எஞ்சினியர் எழுந்து திரைக்கருகே போய், "எங்கே என் சுவர்க் கோடு? எல்லாம் மணல் கொட்டின மாதிரி இருக்கே" என்றார். பேச்சு முற்றி, எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள்.

மேனேஜரின் மனைவி மட்டும் எழுந்து போகவில்லை. சுவரோரம் பெண்களுக்கென்று போட்டிருந்த பிரம்பு நாற்காலிகளில் கடைசியில் இருந்தார். மதராஸில் படித்தவர் என்று சொன்னார்கள். "இங்கே வந்து உட்கார்ந்து பாருங்க" என்று தன் நாற்காலியை எனக்கு விட்டுக்கொடுத்தார். மணித் திரையில் ரீலை மறுபடி ஓடவிட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஜொலிப்பும் இல்லை, பந்தும் இல்லை. சாம்பல் பூசியதுபோல ஒரு பரப்பு, அதில் ஏதோ அசைந்தது. டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம் வெள்ளைத் திரையே வாங்கிக்கொள்ளுங்கள் என்று அடித்துச் சொன்னேன். எஞ்சினியர் என் பக்கம் பேசினார். அதையே வாங்கினார்கள்.

அடுத்த மாதம் மாட்டிக் கொடுக்கப் போனபோது ஒரு பழைய நகைச்சுவைப் படம் ஓட்டிப் பார்த்தோம். அந்த அம்மாள் கண்ணில் நீர் வர வர, வாய்விட்டுச் சிரித்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "இத்தனை நாளும் இவங்க எதுக்குச் சிரிக்கிறாங்கன்னு தெரியாமலே நானும் கூடச் சேர்ந்து சிரிச்சுக்கிட்டிருந்தேங்க."

அரக்கு நிறம்

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஆறுச்சாமி அண்ணன் வீடு. கரும்பும் கடலையுமாக நல்ல விவசாயம். மகள் கல்யாணத்தில் எடுத்த சினிமாப் படத்தை வீட்டிலேயே போட்டுப் பார்க்க அவருக்குத் திரை வேண்டும். அவர் தம்பி மகன் நடராசன் தறிகளுக்குத் துண்டு, படுக்கை விரிப்பு டிசைன் போடுகிறவர். கட்டக் காகிதத்தில் வரைந்ததைப் படம் எடுத்துப் பெரிதாக்கி, நூல் நிறம் எப்படி விழும் என்று பார்க்க அவருக்கும் அதே திரை வேண்டும். கண்ணாடி மணித் திரையில் கல்யாணப் படத்தைப் போட்டேன். மகளின் நகைகள் மின்னின. வீடே எழுந்து நின்றுவிட்டது. நடராசன் என்னைக் களத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், "ஏனுங்ணா, நேரா நின்னா அரக்காட்டத் தெரியுது, தள்ளி நின்னா காப்பிக்கொட்டையாட்டத் தெரியுது. இத நம்பி நூலுக்குச் சாயம் போட்டா தறிக்காரன் என்னைய ஊட்டுக்குள்ள உடுவானுங்களா? வெள்ளையே நல்லதுன்னு சொல்லுங்க" என்று கெஞ்சினார். சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. கடைசியில் அவர் டிசைனுக்குத் துவைத்த வேட்டி ஒன்றைச் சுவரில் இழுத்துக் கட்டிக்கொண்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் அரக்கு அரக்காகவே தெரிந்தது.

வேலை முடிந்து பெட்டியைக் கட்டும்போது ஆறுச்சாமி அண்ணன், "உங்கூரு எதுங்க?" என்றார். சொன்னேன். அங்கிருந்து நடந்தே போகிற தூரம். "அடடே, அப்ப ஊட்டுக்குப் போயிட்டுத்தான வந்தீங்க?" என்றார். போகவில்லை என்றேன். அம்மா போன பிறகு வீடு பூட்டிக் கிடக்கிறது. என் சொந்த அண்ணன் கோயமுத்தூரில் மில்லில் இருக்கிறார். அந்தப் பக்கம் வேலையாக வந்தாலும் நான் அந்தத் தெருவில் நுழைவதில்லை. இவ்வளவையும் நான் சொல்லவில்லை, பூட்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு பொய்க் காரணமும் சேர்த்தேன். அவர் என் கையிலிருந்த கயிற்றை வாங்கிக் கீழே வைத்தார். "பூட்டுன ஊடு ஓடியா போயிருமுங்க? இருந்து உண்டுட்டுப் போங்க."

மஞ்சு

உடும்பஞ்சோலையில் ஓர் ஏலக்காய் வியாபாரி. தொழிலாளர்களுக்கு மாதம் ஒரு படம் காட்டுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். காய் உலர்த்தும் கூடத்துக்குப் புதுப் பிளானும் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கிடங்கில் திரையை மாட்டி, படத்தை ஓடவிட்டேன். ஐந்து மணிக்கே அங்கே வெளிச்சம் போய்விடும். யாரோ கதவைத் திறந்ததும் மஞ்சு, அதாவது மலை மூடுபனி, உள்ளே நுழைந்தது. புரொஜெக்டர் வெளிச்சம் வழியிலேயே அதில் மாட்டிக்கொண்டது. கதாநாயகன் முகம் திரைக்குப் போய்ச் சேராமல், எங்கள் தலைக்குமேல் காற்றில் மிதந்தது. பெண்கள் கையை நீட்டி அதைத் தொடப் பார்த்தார்கள்.

வியாபாரிக்கு எரிச்சல். கதவைச் சாத்தச் சொல்லிக் கத்தினார். சாத்த யாருக்கும் மனம் இல்லை. நானும் என் வேலையை மறந்து, கண்ணுக்கு முன்னால் கலைந்து கலைந்து சேர்ந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆர்டர் கிடைக்கவில்லை. தோளில் சாக்குப் போட்டிருந்த ஒரு அம்மாள், திரையைச் சுருட்ட எனக்குக் கை கொடுத்தபடி ஆறுதலாகச் சொன்னார்: "நீங்க மடிச்சு எடுத்துட்டுப் போங்க அண்ணாச்சி, எங்களுக்கு மஞ்சே காட்டுது."

சிவப்புக் கவுன் பாப்பா

நிறம் சரியாக விழுகிறதா என்று காட்ட எங்களிடம் மாதிரி ஸ்லைடுகள் இருந்தன. பூ, பழம், ஒரு கோபுரம், கடைசியில் ஒரு குடும்பம். கடற்கரையில் ஒரு பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு சிவப்புக் கவுன் போட்ட பாப்பா. தோல் நிறம் பார்ப்பதற்கான படம். அவர்கள் யாரோ, எந்த ஊரோ, எனக்குத் தெரியாது.

பீர்மேட்டில் நான் தங்குகிற எஸ்டேட் விருந்தினர் பங்களாவில் சமையல்காரர் மாரியப்பன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் அப்பா காலத்தில் மலை ஏறிய குடும்பம். பங்களா முன்னறையில் நான் போட்டுப் பார்த்த அந்த ஸ்லைடைக் கண்ட அன்று, சோறு போடும்போது, "அம்மாவும் பாப்பாவும் லெச்சணமா இருக்காக சார்" என்றார். வாயில் சோறு. மென்று விழுங்குவதற்குள் அவர் ரசம் எடுக்கப் போய்விட்டார். அதோடு விட்டுவிட்டேன். அடுத்த முறை போனபோது, "பாப்பாவுக்குப் பல்லு விழுந்து முளைச்சிருச்சா?" என்றார். அதற்கடுத்த முறை, "பள்ளிக்கூடத்துல சேத்தாச்சா?" என்றார். நான் "ம்" என்பேன், தலையை ஆட்டுவேன். குளிருக்கு மூடிய அந்த அறையில், எதிரே ஒருவர் நின்று, என் வீட்டைப் பற்றி இப்படிக் கேட்பது இதமாகத்தான் இருந்தது. போகப் போக, பஸ் பீர்மேட்டை நெருங்கும்போது பாப்பா இப்போது எந்த வகுப்பு என்று நானே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அது எனக்கே பயமாகப் போயிற்று. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவியதும், "மாரியப்பன், அது கம்பெனிக்காரன் கொடுத்த படம். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை" என்று சொல்லிவிட்டேன். அவர் துண்டை நீட்டினார். முகத்தில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. "தெரியும் சார். கோட்டயத்துல இருந்து வர்ற வேற கடைக்காரரும் இதே படத்தத்தான் காட்டுவாரு. ஒங்ககிட்ட வேற என்னத்தக் கேக்கதுன்னு தெரியல, அதான் பாப்பாவையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

டீச்சர்

அதே மலையில், தொழிலாளர் லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, மேலே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். அங்கே சித்திரம் சொல்லிக் கொடுத்தவர் விமலா டீச்சர். லயத்திலேயே பிறந்து வளர்ந்து, படித்து, அங்கேயே வேலைக்கு வந்தவர். அப்பா பாக்டரியில் வேலை பார்த்து ஓய்ந்தவர், மூச்சிரைப்பு. பள்ளிக்கும் ஒரே திரைதான் வாங்க முடியும். பகலில் சித்திரப் பாடம், சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் படம். திரை வாங்கியவர்களில் அவரைப்போல யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஜன்னல்களில் சாக்கை மாட்டி இருட்டாக்கிவிட்டு, முதல் பெஞ்சிலிருந்து கடைசி மூலைவரை ஒவ்வொரு இடமாக உட்கார்ந்து பார்த்தார். ஒரு தேயிலைக் கொழுந்தைப் பறித்து வந்து, திரையில் விழுந்த இலைப் படத்தின் பக்கத்தில் பிடித்துப் பச்சையை ஒப்பிட்டார். வெள்ளைத் திரையே போதும் என்று முடிவு செய்தார். சினிமா கொஞ்சம் மங்கலாக இருக்கும் என்று எச்சரித்தேன். "எங்க பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சாப் போதும் சார், மின்ன வேண்டாம்" என்றார்.

மாட்டிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது. ஆனால் நான் மறுபடி போனேன். மழை ஈரத்துக்குத் துணி தொய்ந்திருக்கும் என்று ஒருமுறை, ஆணி துருப்பிடித்திருக்கும் என்று ஒருமுறை. போகும்போதெல்லாம் வகுப்பு முடிகிறவரை வராந்தாவில் காத்திருப்பேன். பிறகு திரையை இழுத்துக் கட்டுவேன், அவர் கறுப்புத் தேநீர் கொடுப்பார். எந்த ஊரில் எந்த ஓட்டலில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்பார். நான் சொல்லச் சொல்லச் சிரிப்பார். ஒரு நாள் நான் ஏணியில் நின்று, தொய்வே இல்லாத துணியை இறுக்கிக்கொண்டிருந்தபோது, "திரைக்கு ஒண்ணும் இல்ல சார். எறங்கி வந்து விசயத்தச் சொல்லுங்க" என்றார்.

இறங்கி வந்து சொன்னேன். நினைத்துவைத்த எந்த வாக்கியமும் வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் என்பதை மட்டும் எப்படியோ சொல்லி முடித்தேன். என் வேலை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். அதை விட்டுவிட்டு மலையிலேயே தங்குவதற்கு, பாக்டரியில் ஏதாவது வேலை கிடைக்குமா என்று நான் ஏற்கெனவே கேட்டுப் பார்த்திருந்தேன். அங்கேயே இருக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கே வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அதையும் சொன்னேன். அப்பாவை அந்தக் குளிரில் விட்டுவிட்டு அவர் கீழே வர முடியாது. அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டீச்சர் மேஜையருகே போனார். கரும்பலகை துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, என்னைப் பார்த்தேதான் சொன்னார்: "நீங்க வர்ற நாள்ல எனக்கும் சந்தோசமாத்தான் சார் இருக்கு. ஆனா நீங்க வராத நாள்லயும் நான் இங்க இருக்கணும்ல?"

தேநீரைக் குடித்து முடித்தேன், ஏணியைச் சாத்தி வைத்தேன், கீழே ரோட்டுக்கு வந்து, மலை இறங்குகிற பஸ்ஸுக்கு நின்றேன். சாயங்கால சைரன் ஊதி, பாக்டரியிலிருந்து ஆட்கள் பேசிக்கொண்டே லயத்துக்கு ஏறிப் போனார்கள். மறு வருஷம் முதலாளியிடம் சொல்லி அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கடையில் புதிதாகச் சேர்ந்த ஆளை அனுப்பச் செய்தேன். அந்த ஆள் திரும்பி வந்து, "அங்கே ஒரு குறையும் இல்லை, எதற்கு அனுப்பினீர்கள்?" என்று கேட்டார், நான் வேறு பேச்சு பேசினேன். அதற்குப் பிறகும் பல வருஷங்கள் அதே வேலைதான் பார்த்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது ஒரு சபதம் ஒன்றுமில்லை, அப்படியே நாள் போய்விட்டது.

இத்தனை வருஷம் மலை ஏறி இறங்கி நான் கற்றுக்கொண்டதெல்லாம், விளக்கை அணைத்தால் எந்த ஊரிலும் கூட்டம் சேர்ந்துவிடும், விளக்கைப் போட்ட பிறகு ஒரே ஒரு ஆளை உட்காரவைப்பதுதான் பெரும்பாடு என்பதுதான்.